எட்டணா வட்டத்தில் ஒரு ரூபாய்

இரவு ஒன்பதரைக்கு எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் ஷட்டர் பாதி இறங்கும். நான் போவது அப்போதுதான். அன்றைய சில்லறை முழுவதையும் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருப்பார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்ப்பேன். அண்ணாச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எடுக்கிற காசுக்கு அதே மதிப்பில் வேறு காசு போட்டுவிட வேண்டும். நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறையை அள்ளிக்கொண்டு போகிற வேலை கூடாது. அவருக்குச் சில்லறைப் பஞ்சம் அப்படி. ஆரம்பத்தில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தவர், இப்போது டின்னை நீட்டும்போதே கேட்கிறார்: "என்ன சார், இன்னைக்கு நட்சத்திரமா, புள்ளியா?"

நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. உங்கள் பையில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே கடுகளவு இடத்தைப் பாருங்கள். சின்னச் சாய்சதுரம் தெரிந்தால் அது மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத். மொட்டையாக ஒரு புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையா? அப்படியானால் கொல்கத்தா. குறி வைக்காததே அவர்கள் குறி. மும்பை நாணயச்சாலை 1829இல் தொடங்கியது. ஹைதராபாத்தில் இயந்திரங்களோடு சாலை அமைந்தது நிஜாம் காலத்தில், 1903இல். நொய்டா நேற்றுப் பிறந்த பிள்ளை, 1988. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று பெயர் மட்டும் மிச்சம். அங்கே காசு அடிப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது. தினமும் லட்சம் பேர் நடக்கும் அந்தத் தெருவில் கேட்டுப் பாருங்கள், பாத்திரம் எங்கே மலிவு என்று சொல்வார்கள். இங்கேதான் ஒரு காலத்தில் காசு அடித்தார்கள் என்று சொல்பவர் அபூர்வம்.

இந்தப் பித்துக்கு நான் ஒதுக்கியிருப்பது மாதம் 300 ரூபாய். கூடுதலாக ஒரு ரூபாய் கிடையாது. ஒரு மாதம் மிஞ்சினால் அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கிக்கொள்ள முடியாது. இது வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம், மீறுவதற்கில்லை. சோழர் செப்புக்காசும் விஜயநகரப் பொன்னும் சேர்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் ஆல்பத்தைப் புரட்டும்போது அவர்கள் முகத்தில் ஒரு கருணை வரும். "எல்லாம் நம்ம காசுதானேப்பா" என்பார்கள். ஆமாம், எல்லாம் நம்ம காசுதான். நாம் பஸ்ஸில் கொடுத்தது, உண்டியலில் போட்டது, மிட்டாய்க்கு நீட்டியது. தெரிந்த முகம் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. பணம் குறைந்தவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கட்டாயத்தில்தான் எனக்குக் கண் திறந்தது.

முதலில் நானும் எல்லோரையும்போல் தடுமாறினேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். தாய்லாந்து, நேபாளம், கென்யா, ஏதோ ஒரு தீவின் மீன் படம் போட்ட காசு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு டப்பா நிறைய உலோகம் இருந்தது, தொகுப்பு இல்லை. அதை அப்படியே ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு காசை எடுத்துக்கொண்டேன்: 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய். நடுவில் 1, பக்கத்தில் தானியக் கதிர். 2004 வரை அதே அச்சு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். பதின்மூன்று ஆண்டு, நான்கு சாலை, ஆக 52 கட்டம். எல்லாச் சாலையும் எல்லா ஆண்டும் அடிக்கவில்லை என்பதால் சில கட்டங்களில் பெருக்கல் குறி விழும். மீதியை நிரப்ப வேண்டும். விலை? ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய். முகமதிப்பில் ஒரு தொகுப்பைத் தொடங்கி, பாதி வரைக்கும் முகமதிப்பிலேயே கட்ட முடிகிற இன்பம் தபால்தலைக்காரர்களுக்குக்கூடக் கிடையாது.

கட்டம் வந்தபிறகு கண் மாறிவிடும். அதுவரை "ஒரு ரூபாய்" என்று இருந்தது, அதன்பின் "98 நட்சத்திரம்", "2001 புள்ளி" என்று பெயர் வாங்கிக்கொள்ளும். ஒரு நாள் அண்ணாச்சியின் டின்னில் ஒரு ரூபாய் கிடைத்தது. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரமும் இல்லை, புள்ளியும் இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்தால் பொடி எழுத்தில் 'எம்கே' என்று இருந்தது. 1990களின் இறுதியில் நம் சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கினார்கள். 'எம்கே' என்பது ஸ்லோவாகியாவில் உள்ள கிரெம்னிட்சா. 1328 முதல் காசு அடித்துவரும் ஊர். 'எம்' எழுத்தின் தலையில் ஒரு குட்டி வட்டம் இருந்தால் அது மெக்சிகோ. இதற்கும் முன்னால் 1985இல் ஒரு தடவை இப்படித் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டின் ஒரு ரூபாய் சிலவற்றில் இருக்கும் 'எச்', பர்மிங்ஹாமின் ஹீட்டன் சாலை. எழுநூறு வயதை நெருங்கும் ஒரு ஐரோப்பிய அக்கசாலையில் பிறந்து, கப்பலேறி வந்து, வெங்காயத்துக்கும் சீயக்காய்க்கும் கைமாறி, என் மடியில் வந்து விழுந்த அந்தக் காசுக்கு நான் மாற்றாகப் போட்டது சாதாரண நொய்டா ஒன்று. அண்ணாச்சிக்கு நஷ்டமில்லை. எனக்கு அன்று தூக்கமில்லை.

இனி, இந்த எஃகுக் காசுகளில் எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்கிறேன். இதைப் பார்க்கப் புத்தகம் வேண்டாம், லென்ஸ் வேண்டாம். மூன்று நான்கு பழைய காசும் ஒரு மேசையும் போதும்.

1988இல் வந்த எட்டணாவை, அதாவது இந்திய வரைபடத்துக்குள் நாடாளுமன்றக் கட்டடம் தெரியும் எஃகு ஐம்பது பைசாவை, மேசையில் வையுங்கள். அதன்மேல் 2011க்குப் பிறகு வந்த, புது ரூபாய்க் குறி போட்ட ஒரு ரூபாயை வையுங்கள். விரல்நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவுங்கள். படி தட்டாது. இரண்டும் 22 மில்லிமீட்டர். சின்ன நகைத் தராசில் வைத்தால் இரண்டும் 3.79 கிராம். இப்போது 1992இன் ஒரு ரூபாயை எடுத்து, அதன்மேல் 2011இன் இரண்டு ரூபாயை வையுங்கள். மறுபடியும் ஒரே வட்டம்: 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். காண்டாமிருகம் போட்ட நாலணா 19 மில்லிமீட்டர். 2011இன் எட்டணாவும் அதே 19. புரிகிறதா? நாலணா வட்டத்தில் எட்டணா, எட்டணா வட்டத்தில் ஒரு ரூபாய், ஒரு ரூபாய் வட்டத்தில் இரண்டு ரூபாய். ஏணியில் நின்ற எல்லாரும் ஒரே நாளில் ஒரு படி கீழே இறங்கி நின்றதுபோல. விலைவாசி ஏறியது என்று நாம் வாயால் சொல்வதை நாணயச்சாலை உலோகத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது. நான்கைந்து ரூபாய் செலவில் கிடைக்கும் இந்தக் காட்சிக்கு இணையாக எந்தப் பொற்காசும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

ரூபாயின் வம்சத்தையே இப்படி இறங்குவரிசையில் படிக்கலாம். 1939 வரை அது 11.66 கிராம் எடையில் நல்ல வெள்ளி. யுத்தம் வந்ததும் 1940இலிருந்து பாதிதான் வெள்ளி. 1947இல் புலி படம் போட்ட ரூபாய் வந்தபோது வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். 1975இல் செம்பும் நிக்கலும் கலந்தது. 1992இல் எஃகு. கடைசி மூன்றையும் ஒரு காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. நிக்கல் ஒட்டும், கலப்பு ஒட்டாது, எஃகு மறுபடி ஒட்டும். நாணயக் கண்காட்சி ஒன்றில் ஒருவர் என்னிடம் 1960களின் நாலணா என்று ஒன்றை நீட்டி விலை சொன்னபோது, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒட்டவில்லை. ஆண்டு எண்ணில் யாரோ ஊசியால் வேலை பார்த்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், காசைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

எஃகு ரூபாயோடு கொஞ்சநாள் பழகியபிறகு பின்னோக்கி நடந்தேன். பைசா உலகம் அங்கேதான் இருக்கிறது. என் கருத்தில் குடியரசு இந்தியாவின் அழகான காசுகள் எல்லாமே ஐம்பது பைசாவுக்குக் கீழேதான் உள்ளன.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி ரூபாய் நூறாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை 16 அணா, 64 காலணா, 192 பைகள். நாலணா 25 பைசாவோடும் எட்டணா 50 பைசாவோடும் கச்சிதமாகப் பொருந்தியதால் அந்தப் பெயர்கள் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. ஓரணா பாவம், ஆறேகால் பைசா. ஆறேகாலை எப்படிக் கொடுப்பது? ஆறு என்றே வைத்துக்கொண்டார்கள். மூன்றணா 19 என்று ஆனது. குழப்பத்தைத் தவிர்க்கப் புதுக்காசுக்கு 'நயா பைசா', புதுப் பைசா என்றே பெயர் வைத்தார்கள். காசின்மேல் "ரூபாயின் நூறிலொரு பங்கு" என்று விளக்கமும் அடித்தார்கள், தேவநாகரியில். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். 1964 ஜூன் 1இல் 'நயா' உதிர்ந்தது. ஏழு வருடத்தில் புதுசு பழசாகிவிட்டது.

எழுத்து உதவாவிட்டாலும் வடிவம் உதவியது. ஒரு பைசா வட்டம். இரண்டு பைசா ஓரம் பூவிதழ்போல் எட்டு வளைவு. ஐந்து பைசா முனை மழுங்கிய சதுரம். பத்து பைசா மறுபடி இதழ், ஆனால் பெரியது. பிறகு மூன்று பைசா அறுகோணம். இருட்டில், மடியில் முடிந்த முடிச்சுக்குள்ளேயே, விரல் எண்ணிச் சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாத கைக்கும் பார்வையில்லாத விரலுக்கும் மரியாதை கொடுத்த காசுகள் அவை. பின்னாளில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே வட்டமாக, ஒரே வெளுப்பாக வந்து, பஸ் கண்டக்டர்களையே திணற அடித்ததைப் பார்த்தால், முன்னோர் மூளை எங்கே போயிற்று என்று தோன்றும். 2019இல் அறிவித்த இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்தபோதுதான் கொஞ்சம் மனம் ஆறியது. அதற்கும் முன்னால், 1992 முதல் வந்த பதினோரு பக்க இரண்டு ரூபாய் ஒன்று இருக்கிறது. பதினொன்று! எண்ணிப் பார்க்காமல் யாரும் நம்ப மாட்டார்கள். டீக்கடையில் இதைப் பந்தயமாக வைத்து இரண்டு முறை ஓசியில் டீ குடித்திருக்கிறேன்.

மூன்று பைசா ஏன் வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அரையணாவுக்கு மூன்றும் ஒரு பொடியும் கணக்கு வருகிறது. பழைய அரையணாப் பழக்கத்தின் நிழல்தான் அது என்பது என் ஊகம். 1964இல் அது அலுமினியத்தில் வந்தது. அடுத்த வருடம் ஒரு பைசாவும் அலுமினியமாகி, சதுரமாகி, முக்கால் கிராமுக்கு இறங்கியது. உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. சிறுவயதில் ரயில் தண்டவாளத்தில் ஐந்து பைசாவை வைத்துத் தகடாக்கி விளையாடிய பாவத்துக்கு இப்போது பரிகாரம் செய்கிறேன். அலுமினியம் மென்மையான சாதி. பையில் சாவியோடு ஒருநாள் கிடந்தாலே கீறல் விழும். ஆகவே பைசா தொகுப்பில் சவால், காசு கிடைப்பதல்ல. கிலோ கணக்கில் கிடைக்கும். காயம் படாத காசு கிடைப்பதுதான் சவால். அச்சிலிருந்து விழுந்த அன்றைய பளபளப்போடு இருக்கும் ஒரு பைசாவை விளக்கின் கீழ்ச் சாய்த்துத் திருப்பினால், ஒளி ஒரு சக்கரத்தின் ஆரக்கால்போல அதன்மேல் சுழன்று ஓடும். தேய்ந்த காசில் இந்த ஓட்டம் இருக்காது. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. தேய்ந்த இருபது வாங்குகிற பணத்துக்குச் சுழலும் ஒன்றை வாங்குங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆயிற்று.

தாமரைக் காசைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வரும். 1968 முதல் நான்கே ஆண்டு வந்த இருபது பைசா, நிக்கல் பித்தளை, நடுவில் விரிந்த தாமரை. தங்கம்போல் மின்னும். அதனாலேயே புழக்கத்திலிருந்து பூஜையறைக்கு இடம் மாறிய காசு அது. 108 சேர்த்து லட்சுமிக்கு அர்ச்சனை செய்கிறவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆகவே கண்காட்சிகளில் எனக்குப் போட்டி சேகரிப்பாளர்கள் அல்லர், பக்தர்கள். அவர்கள் ஆண்டு பார்ப்பதில்லை, சாலைக்குறி பார்ப்பதில்லை, மொத்தமாக அள்ளுவார்கள். எங்கள் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் கிண்ணத்தில் ஒரு நல்ல காசு இருக்கிறது, எனக்குத் தெரியும். கேட்டுப் பார்த்தேன். "அது அம்பாள் காசு, கை வைக்காதீங்க" என்று பதில் வந்தது. என் ஆல்பத்தில் அதே ஆண்டுக்கு இருப்பது மங்கலான ஒன்று.

கை வைப்பது பற்றிச் சொல்லும்போது ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருடம் எனக்கு ஒரு 1957 நயா பைசா கிடைத்தது. வெண்கலம். கருப்பட்டி நிறத்தில், ஓரங்களில் கொஞ்சம் செம்மை மின்ன, அப்படியே ஒரு சீரான மேல்பூச்சு. அறுபது வருடம் காற்று தடவித் தடவிக் கொடுத்த நிறம். எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. குத்துவிளக்கு தேய்க்கும் புளியை எடுத்தேன். இரண்டு நிமிடம்தான். கழுவித் துடைத்தபோது, தோலுரித்த கோழிபோல ஒரு இளஞ்சிவப்பு வட்டம் என் கையில் இருந்தது. எழுத்தோரங்கள் மழுங்கியிருந்தன. ஒரு வாரத்தில் அது திட்டுத்திட்டாகக் கறுத்தது. அந்தக் காசை நான் தூக்கி எறியவில்லை. ஆல்பத்தின் முதல் பையில் வைத்திருக்கிறேன். புளி, விபூதி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலீஷ், எதுவும் காசின் பக்கத்தில் வரக்கூடாது. மிஞ்சிப்போனால் சோப்பில்லாத தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஒற்றி எடுக்கலாம். அதையும் செய்யாமலிருந்தால் இன்னும் நல்லது.

பத்திரப்படுத்தும் செலவு காசின் செலவைவிட அதிகமாகும் என்பது இந்தப் பித்தில் ஒரு வேடிக்கை. மலிவான பிளாஸ்டிக் ஆல்பங்களில் பிவிசி இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் அது வியர்த்து, செம்புக் காசில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நடுவில் மெல்லிய மைலார் ஜன்னல் வைத்த அட்டைச் சட்டம்தான் சரி. ஸ்டேப்ளர் முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்க மறந்தால் அடுத்த சட்டத்தின் காசைக் கீறிவிடும். சென்னை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் வேண்டும். அதை நான் விலைக்கு வாங்குவதில்லை. செருப்புப் பெட்டி, மருந்து டப்பா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கைப்பை, எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பொட்டலங்கள் எனக்கு வந்துவிடும். தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

மீதிப் பணம் கண்காட்சிக்கு. கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள், மூன்று நாள் நடக்கும். முன்வரிசை மேசைகளில் மொகலாய வெள்ளியும் கம்பெனி மொகராவும் கண்ணாடிக்குள் இருக்கும். கும்பிட்டுவிட்டு நேராகப் பின்வரிசைக்குப் போய்விடுவேன். அங்கே கடைக்காரர்கள் மேசைக்கடியில் ஒரு டப்பா வைத்திருப்பார்கள்: எடுத்தது பத்து ரூபாய். அங்கேதான் என் முன்னூறு கரையும். 1950 ஆகஸ்ட் 15இல் வெளிவந்த முதல் குடியரசு வரிசையின் குதிரைக் காசு, பாயும் குதிரை, எனக்கு ஒரு மசால் தோசை விலைக்குக் கிடைத்தது அப்படி ஒரு மேசையில்தான். அதற்கு முன் மூன்று ஆண்டு, சுதந்திரம் வந்த பிறகும், நம் கையில் புழங்கியது மன்னர் தலைதான். பூவா தலையா என்று இன்றும் சுண்டுகிறோமே, அந்தத் தலை அவருடையது. அவர் போய்ச் சிங்கம் வந்தது. தலைக்குப் பதில் சிங்கம் என்று யாரும் மாற்றிக் கேட்கவில்லை.

நினைவுக் காசுகள் தனிக் காடு. எச்சரிக்கையாக நுழைய வேண்டும். நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று வெள்ளி கலந்து அடித்து, பெட்டியில் வைத்து, முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கும் காசுகள் எனக்கு ருசிப்பதில்லை. ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியிராத காசு என்ன காசு? தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் அடித்த ஆயிரம் ரூபாய்தான் இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம். பெருமைதான். ஆனால் அதே கோயிலுக்காக வந்த ஐந்து ரூபாய் என்னிடம் இருக்கிறது, கைகூப்பி நிற்கும் ராஜராஜனோடு. எனக்கு அது போதும். 1974இல் குடும்பக் கட்டுப்பாடு, 1979இல் குழந்தைகள் ஆண்டு, 1986இல் மீன்வளம், 1988இல் மானாவாரி விவசாயம் என்று அரசாங்கம் அன்றைக்கு நம்மிடம் என்ன சொல்ல நினைத்ததோ அதையெல்லாம் சில்லறையில் அடித்துக் கையில் கொடுத்தது. ரயில்வேயின் 150ஆம் ஆண்டுக்கு 2003இல் வந்த இரண்டு ரூபாயில் கார்டு வேடத்தில் கைவிளக்கோடு ஒரு யானைக்குட்டி நிற்கும். அதைப் பார்த்துச் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

தமிழோடு உறவுள்ளவற்றை மட்டும் ஒரு பக்கமாக அடுக்கியிருக்கிறேன். 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர், ஒன்று, இரண்டு, ஐந்து என மூன்று மதிப்பில். காமராஜர் நூற்றாண்டு. சி. சுப்பிரமணியம். எம்.எஸ். சுப்புலட்சுமி. இவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 2009இன் அண்ணா ஐந்து ரூபாய். உருவத்துக்குக் கீழே அவர் கையெழுத்து, தமிழில். வெள்ளைக்காரன் காலத்து ஓரணாவில் மதிப்பை நாகரி, உருது, வங்காளி, தெலுங்கு என்று நான்கு எழுத்தில் போட்டார்கள். தமிழுக்கு இடம் கிடைக்கவில்லை. குடியரசுக் காசில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தான். ஆக, கையெழுத்து என்ற பின்வாசல் வழியாகத் தமிழ் உலோகத்தில் ஏறிய இடம் அது. பித்தளை மஞ்சளில், லென்ஸுக்குக் கீழே, அந்தச் சாய்ந்த எழுத்துகளின் மேடு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஐந்து ரூபாய்க்கு.

காசு சேர்க்கிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் தொலைபேசி அழைப்புகள் வரும். "நம்ம வீட்டுல வைஷ்ணவிதேவி அஞ்சு ரூபா ஒண்ணு இருக்கு, பத்து லட்சம் போகுமாமே?" போகாது. 2012இல் வெளிவந்து, கை கையாகப் புழங்கிய காசு அது; பின்வரிசை டப்பாவில் கிடக்கும். பழைய காசுக்கு லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் கமிஷன் கட்டச் சொல்லும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. உறவினர்களிடம் இதைச் சொன்னால் நான் ஏதோ விலையைக் குறைத்துத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஒரு சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. இன்னொரு வதந்தி பத்து ரூபாய்க் காசு செல்லாது என்பது. ரிசர்வ் வங்கி 2018இல் அப்போதிருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று சொன்னது. இருந்தும் பல வருடம் நம் ஊர்க் கடைகளில் அதை நீட்டினால் தேள் நீட்டியதுபோலப் பார்த்தார்கள். எனக்கு அது நல்ல காலம். எல்லோரும் கையைவிட்டுத் தள்ளியதால் பதினான்கும் மூன்றே மாதத்தில் சேர்ந்துவிட்டன.

எஃகு ரூபாய் நோட்டில் இன்னும் நான்கு கட்டம் காலி. கண்காட்சியில் காசு கொடுத்தால் ஒரே நாளில் அடைந்துவிடும், முன்னூறே அதிகம். கொடுக்கவில்லை. அந்த நான்கும் டின்னிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம். ஆனால் டின் மாறிவருகிறது. பாலுக்கும் கீரைக்கும்கூட இப்போது ஆளுக்கொரு போனை நீட்டி ஸ்கேன் செய்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு கழுத்து வரை இருந்த சில்லறை இப்போது அடியை மூடுவதே பெரிது. சல்லடை போட முன்பு முக்கால் மணி நேரம் ஆகும். போன வாரம் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

எழுந்தபோது அண்ணாச்சி கல்லாவின் மூலையில் விரலை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். எட்டணா. நாலணாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30ஓடு போய்விட்டன. எட்டணா மட்டும் சட்டப்படி இன்றும் உயிரோடு இருக்கிறது. வாங்கத்தான் ஆளில்லை.

"இது செல்லாதுல்லா சார், நீங்க எடுத்துக்கிடுங்க."

"செல்லும் அண்ணாச்சி. சட்டப்படி செல்லும்."

"அப்படின்னா அம்பது பைசாவுக்கு ஏதாவது வாங்கிக்கிடுங்க பாப்போம்" என்று கடையைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினார். நானும் சுற்றிப் பார்த்தேன். பொட்டுக்கடலை, தீப்பெட்டி, ஷாம்பூ பாக்கெட், ஹால்ஸ் மிட்டாய். ஐம்பது பைசாவுக்கு அந்தக் கடையில் ஒன்றுமில்லை.

லென்ஸை எடுத்தேன். மூடிய முஷ்டி படம், ஆண்டு 2008, கீழே புள்ளி. நொய்டா. என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. நிபந்தனைப்படி மாற்றுக்காசாக ஒரு ரூபாயை டின்னில் போட்டேன். மீதி எட்டணா தர அவரிடம் சில்லறை இல்லை.